இறுதியாண்டுக் கண்காட்சியும் அதற்குப் பிறகான வாழ்க்கையும்: கலை மாணவர்களை எப்படித் தயார் செய்வது?

நுண்கலை மாணவர்களுக்குப் புதிதாகப் பாடம் எடுக்க வந்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். இறுதியாண்டுக் கண்காட்சிப் பொறுப்பு அவரிடம் வந்திருக்கிறது. மாணவர்கள் நன்றாக வேலை செய்கிறார்கள், ஆனால் கண்காட்சி நெருங்கினால் எல்லாமே கடைசி வார ஓட்டமாகிவிடுகிறது. அது முடிந்த மறுநாள் "இனி என்ன செய்வது?" என்று தெரியாமல் நிற்கிறார்கள். கண்காட்சிக்கும் அதற்குப் பிறகான தொழிலுக்கும் இவர்களை எப்படித் தயார் செய்வது, எங்கிருந்து தொடங்குவது என்பது அவர் கேள்வி.

இதை இரண்டு கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இது ஒரே கேள்விதான். பெரும்பாலான கல்லூரிகளில் கண்காட்சி, மதிப்பெண் போடும் தேர்வாக நடக்கிறது. இடத்தை நிர்வாகம் ஏற்பாடு செய்யும், அழைப்பிதழை ஆசிரியர் அடிப்பார், சுவரைப் பிரித்துக் கொடுப்பதும் ஆசிரியர்தான். மாணவர் படைப்பைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு மதிப்பெண்ணுக்குக் காத்திருப்பார். இப்படி நடந்தால் மறுநாள் அவர் திகைத்து நிற்பதில் வியப்பே இல்லை. வெளியே ஒரு கலைஞர் செய்யவேண்டிய எந்த வேலையையும் அவர் இன்னும் ஒருமுறைகூடச் செய்து பார்க்கவில்லை. கண்காட்சியை அவருடைய முதல் தொழில்முறை வேலையாக நடத்துங்கள். தேர்வு செய்வது, எழுதுவது, மாட்டுவது, விலை வைப்பது, ஆவணப்படுத்துவது, வருகிறவர்களிடம் பேசுவது எல்லாம் அவர் கையாலேயே நடக்கட்டும். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.

1988-ல் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி மாணவர்கள், துறைமுகப் பகுதியில் காலியாகக் கிடந்த ஒரு கட்டடத்தில் 'ஃப்ரீஸ்' என்ற கண்காட்சியை நடத்தினார்கள். முன்னின்று நடத்திய டேமியன் ஹர்ஸ்ட், பின்னாளில் உலகப் புகழ்பெற்ற கலைஞர், அப்போது இன்னும் மாணவர். அந்தத் தலைமுறையின் புகழ் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ஒரு ஆசிரியருக்கு அதில் கவனிக்க வேண்டியது வேறு: இடம் பிடித்தது, நிதியுதவி கேட்டுப் போனது, ஒழுங்கான கேட்டலாக் அச்சிட்டது, அருங்காட்சியக ஆட்களையும் சேகரிப்பாளர்களையும் விடாமல் அழைத்தது எல்லாம் மாணவர்களே. மைக்கேல் கிரேக்-மார்ட்டின் போன்ற ஆசிரியர்கள் ஊக்கம் கொடுத்தார்கள், தெரிந்தவர்களிடம் சொல்லிவிட்டார்கள். அளவு இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. வேலைப் பங்கீடு இப்படி இருந்தால் போதும்.

எப்போது தொடங்குவது என்றால், கண்காட்சிக்கு ஒரு வருடம் முன்பு. பொருட்களே அதைக் கேட்கின்றன. தடிமனாகப் பூசிய எண்ணெய் வண்ணம் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே வாரக்கணக்கில் ஆகலாம். முழுதாகக் காய்ந்து வார்னிஷ் பூச வழக்கமாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் காத்திருக்கச் சொல்வார்கள். பிளாஸ்டர் வார்ப்பு உள்ளே ஈரத்தோடு இருந்தால் மேலே பூசிய வண்ணம் உரியும். இதெல்லாம் மாணவருக்குப் பாடமாகத் தெரியும், நாள்காட்டியில் தெரியாது. ஆகவே கண்காட்சித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வையுங்கள்: மாட்டும் நாள், ஃபிரேம் வந்து சேரும் நாள், படம் பிடிக்கும் நாள், கடைசியாகத் தூரிகை தொடும் நாள். திறப்பு நாளுக்கு மூன்று வாரம் முன்பே புதுப் படைப்பு நின்றுவிட வேண்டும் என்பதை நான் கண்டிப்பாகவே வைத்திருப்பேன். அந்த மூன்று வாரமும் வேறு வகை உழைப்புக்கு வேண்டும்.

வருடத்தின் நடுவில் ஒரு சின்ன ஒத்திகைக் கண்காட்சியும் வையுங்கள். ஒரு மாணவருக்கு இரண்டு படைப்பு, ஒரே நாள், வெளியாட்கள் பத்துப் பேர் போதும். ஸ்டுடியோவில் நன்றாகத் தெரிந்த படம் வெறும் சுவரில் எப்படிச் சுருங்கிப்போகிறது என்பதை மாணவர் தன் கண்ணாலேயே பார்ப்பார். அதைப் பேசிப் புரியவைக்க முடியாது.

இப்போது தேர்வு செய்தல். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான், மாணவர்கள் மிகக் குறைவாகப் பழகியிருப்பதும் இதுதான். நான்கு வருடம் படைக்கத்தான் சொல்லிக்கொடுக்கிறோம், விலக்கச் சொல்லிக்கொடுப்பதில்லை. அதனால் சுவர் நிறைய மாட்டுகிறார்கள். ஒருவருக்கு ஐந்து மீட்டர் சுவர் கிடைத்தால் பதினைந்து படம் வந்து நிற்கும். பார்க்க வருபவர் எதன் முன்னாலும் நிற்காமல் நகர்ந்துவிடுவார்.

நான் செய்யச் சொல்வது: எல்லாப் படைப்புகளையும் போனில் எடுத்து, தீப்பெட்டி அளவுக்குச் சிறிதாக அச்சிட்டு மேசையில் பரப்புங்கள். சின்ன அளவில் பார்க்கும்போது பாசம் குறையும், உறவுகள் தெரியும். எந்த இரண்டு படம் ஒன்றையே சொல்கின்றன, எது தனியாக நிற்கிறது என்பது சட்டென்று தெரிந்துவிடும். பிறகு மூன்று கேள்வி. ஒன்று மட்டும்தான் வைக்க முடியும் என்றால் எதை வைப்பாய்? அதன் பக்கத்தில் வந்தால் அதற்குப் பலம் சேர்ப்பது எது? நிறைய நாள் உழைத்தோம் என்பதற்காக மட்டும் உள்ளே வந்திருப்பது எது? மூன்றாவது கேள்விக்கு மாணவர் பதில் சொல்லத் தயங்குவார், ஆனால் பதில் அவருக்குத் தெரிந்திருக்கும். ஆறு மாதம் பாடுபட்ட பெரிய கேன்வாஸை ஒதுக்கிவிட்டு, இரண்டே நாளில் வரைந்த ஆறு சிறு கரிக்கோல் படங்களை வைக்க முடிவெடுக்கும் மாணவர் ஒரு கலைஞராக நடந்துகொள்ளத் தொடங்கிவிட்டார் என்று பொருள். ஒதுக்கிய படம் வீணாகிவிடவில்லை, அது வேறு இடத்துக்குப் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அவருக்கு அது தேவைப்படும்.

தேர்ந்தெடுத்ததை அட்டையில் மாதிரி செய்து பார்க்கட்டும். 1:20 அளவில் ஆறு மீட்டர் சுவர் 30 சென்டிமீட்டர் அட்டையாகும், 80 சென்டிமீட்டர் படம் 4 சென்டிமீட்டர் துண்டாகும். கதவு, ஜன்னல், மின் இணைப்பு, தீயணைப்பான் எங்கே இருக்கின்றன என்று குறித்துவிட்டு இந்தத் துண்டுகளை நகர்த்திக்கொண்டே இருக்கலாம். நான்கு பேர் ஒரு அறையைப் பகிர்ந்துகொள்ளும்போது இது சண்டையையும் தவிர்க்கும். யாருடைய வீடியோ சத்தம் யாருடைய அமைதியான படத்தைக் கெடுக்கிறது என்ற பேச்சு, சுவரில் ஆணி அடித்த பிறகு வந்தால் யாருக்கும் நல்லதில்லை.

விமர்சன அமர்வுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பத்து நிமிடத்துக்கு ஒருவர் என்று ஓட்டினால் "வண்ணம் நல்லா இருக்கு, காம்போசிஷன் பார்த்துக்கோ" என்பதைத் தாண்டாது. கலிஃபோர்னியாவின் கால்ஆர்ட்ஸ் கலைக் கல்லூரியில் மைக்கேல் ஆஷர் என்ற கலைஞர் நடத்திய வகுப்பு, ஒரே மாணவரின் படைப்பை மணிக்கணக்காகப் பேசி இரவு வரை நீளும் என்று பெயர் பெற்றது. எல்லோருக்கும் அது சாத்தியமில்லை. ஆனால் கண்காட்சிக்கு முன் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரே ஒரு முறையாவது ஒரு மணி நேரம் முழுதாகக் கிடைக்க வேண்டும். நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990-ல் உருவாக்கிய ஒரு முறை இதற்கு நன்றாக ஒத்துவருகிறது. முதலில் பார்த்தவர்கள் தங்களுக்கு எது பட்டது, எது மனதில் நின்றது என்று மட்டும் சொல்வார்கள். பிறகு கலைஞர் தன் கேள்விகளைக் கேட்பார். பிறகு பார்த்தவர்கள் கேட்பார்கள், ஆனால் கேள்விக்குள் கருத்தை ஒளித்துவைக்கக் கூடாது. "ஏன் இவ்வளவு இருட்டாக வரைந்தாய்?" என்பதில் தீர்ப்பு இருக்கிறது. "வெளிச்சத்தை எப்படி முடிவு செய்தாய்?" என்பதில் இல்லை. கடைசியாகத்தான் கருத்து, அதுவும் கலைஞர் சம்மதித்தால். இந்த ஒழுங்கில் பழகிய மாணவர், நாளை ஒரு கியூரேட்டர் (கண்காட்சிக்குப் படைப்புகளைத் தேர்ந்தெடுத்து அமைப்பவர்) எதிரே வந்து நிற்கும்போது தற்காப்பில் இறங்கமாட்டார். தன் கேள்வியைத் தானே கேட்கத் தெரிந்தவராக இருப்பார்.

அப்புறம் எழுத்து. படைப்புக் குறிப்பு எழுதச் சொன்னால் பெரும்பாலும் இப்படி ஒன்று வரும்: "என் படைப்புகள் மனித இருப்பின் நிலையாமையையும் நினைவின் அடுக்குகளையும் ஆராய்கின்றன." இந்த வாக்கியத்தை எந்தப் படத்தின் அடியிலும் ஒட்டலாம். அதனாலேயே இது பயனில்லாதது. அந்த மாணவரை உட்காரவைத்து, நண்பர் ஒருவர் கேள்வி கேட்க, பேசுவதைப் போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். எதை எடுத்தாய், அதை என்ன செய்தாய், என்ன நடந்தது, ஏன் விட்டுவிடவில்லை? பதிவை அப்படியே எழுத்தில் இறக்கினால் இப்படி ஒன்று கிடைக்கும்: "பழைய பள்ளி நோட்டு அட்டைகளைத் தண்ணீரில் ஊறவைத்து, உரித்து, மறுபடி ஒட்டுகிறேன். அட்டைமேல் எழுதியிருந்த பெயர்கள் பாதி அழிந்துபோகின்றன. எந்தப் பெயர் தப்பிக்கும் என்பதை நான் முடிவு செய்வதில்லை, தண்ணீர் முடிவு செய்கிறது." நிலையாமையும் நினைவும் இதிலேயே இருக்கின்றன, பெயர் சொல்லத் தேவைப்படவில்லை. 150 சொல் போதும். இதைத் தன்மையில், அதாவது 'நான்' என்று எழுதட்டும். தன்னைப் பற்றிய அறிமுகத்தை 100 சொல்லில் படர்க்கையில் தனியாக எழுதட்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் விண்ணப்பம் படிப்பவர் எரிச்சலடைவார்.

மாட்டும் வேலையை மாணவரே செய்ய வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அது கைத்தொழில், கற்றுக்கொண்டால் சம்பளமும் தரும். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 152 சென்டிமீட்டர் உயரத்தில் வருவது பொதுவான வழக்கம், நின்று பார்ப்பவரின் கண்மட்டம் அது. ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு அறை முழுக்க அதையே பின்பற்ற வேண்டும். 148 என்று வைத்துக்கொள்வோம். படத்தின் உயரம் 80 சென்டிமீட்டர். பின்னால் கட்டிய கம்பியை நடுவில் விரலால் இழுத்துப் பிடித்தால் அது ஃபிரேமின் மேல்விளிம்புக்கு 8 சென்டிமீட்டர் கீழே நிற்கிறது. அப்படியானால் 148-உடன் உயரத்தில் பாதி 40-ஐக் கூட்டி, 8-ஐக் கழித்தால் 180. ஆணி அங்கே. கம்பியை இழுக்காமல் அளந்தால் படம் கீழே இறங்கும், வரிசையில் ஒன்று மட்டும் தாழ்ந்து நிற்கும். கனமான படத்துக்கு ஒற்றை ஆணி வேண்டாம், இரண்டு கொக்கி இருந்தால் படம் சாயாது. ரசமட்டத்தை ஃபிரேமின் மேல்விளிம்பில் வைத்துப் பாருங்கள். ஆனால் பழைய கட்டடங்களில் தரையே சாய்ந்திருக்கும், அப்போது ரசமட்டம் சரி என்று சொன்னாலும் கண் தப்பு என்று சொல்லும். நான் கண் பக்கம்தான் நிற்பேன்.

விளக்கு சுவரை நோக்கி, செங்குத்திலிருந்து ஏறக்குறைய 30 பாகை சாய்ந்து விழுந்தால் கண்ணாடியில் பிரதிபலிப்பும் ஃபிரேமின் நிழலும் குறையும். காகிதத்திலும் துணியிலும் உள்ள படைப்புகளுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவைப் பின்பற்றுகின்றன, எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை போவார்கள். ஒரு வாரக் கண்காட்சியில் காகிதம் மங்கிவிடாது. இருந்தாலும் நீர்வண்ணப் படத்தை நேர் வெயில் விழும் சுவரில் மாட்டக் கூடாது என்ற உணர்வு இப்போதே வரட்டும்.

லேபிளில் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு. அளவை உயரம், அகலம், ஆழம் என்ற வரிசையில் எழுதுவது வழக்கம். வீடியோ வைப்பவர் மட்டும் கூடுதலாக ஒன்று செய்ய வேண்டும்: காலையில் யார் வந்தாலும் இயக்கும்படி ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டிவைப்பதும், கோப்பின் இன்னொரு பிரதியைக் கூடவே வைப்பதும். படைப்பாளி வெளியே போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் திரை கறுத்துப்போகும்.

திறப்பு நாளில் மாணவர்கள் தங்கள் நண்பர்களோடு ஒரு மூலையில் நின்றுவிடுகிறார்கள். அவர்கள் தங்கள் படைப்புக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும், ஆனால் பார்ப்பவரின் மேல் விழவும் கூடாது. பார்ப்பவர் முதலில் தனியாகப் பார்க்கட்டும், பிறகு "கேட்க ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்" என்று ஒரு வாக்கியம் போதும். வந்தவர்களின் தொடர்பு விவரத்தை அவர்கள் சம்மதத்தோடு ஒரு நோட்டில் வாங்கிவைத்து, அடுத்த வாரமே நன்றி சொல்லி எழுதட்டும். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. அதனாலேயே இது நினைவில் நிற்கும்.

கண்காட்சி தொழிலாக மாறும் இடம் ஆவணப்படுத்துவதில் இருக்கிறது. கண்காட்சியைப் பார்த்தவர்கள் சில நூறு பேர் இருக்கலாம். அடுத்த ஐந்து வருடம் அந்தப் படைப்பைப் பற்றி முடிவெடுக்கப்போகும் எல்லோரும் புகைப்படத்தைத்தான் பார்ப்பார்கள். கண்ணாடி போடுமுன் படம் எடுக்க வேண்டும். கேமராவின் முகம் படத்துக்கு இணையாக, இரண்டு விளக்கு இரு பக்கமும் 45 பாகையில், ஒரே நிறவெப்பத்தில், அதாவது இரண்டின் ஒளியும் ஒரே நிறச்சாயலில். ஓரத்தில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து ஒரு ஷாட் எடுத்துக்கொண்டால் வண்ணத்தைப் பிறகு சரிசெய்யலாம். தனிப் படங்களோடு, அறையில் மாட்டிய நிலையில் எடுத்த காட்சியும் வேண்டும், அது இல்லாமல் அளவு யாருக்கும் புரியாது. கோப்பின் பெயரில் கலைஞர் பெயர், தலைப்பு, ஆண்டு இருக்கட்டும். ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு எண் கொடுத்து, அளவு, ஊடகம், இப்போது எங்கே இருக்கிறது, யாரிடம் போனது என்று ஒரு அட்டவணை வைத்துக்கொள்ளட்டும். முப்பது வருடம் கழித்து ஒரு பின்னோக்குக் கண்காட்சி (ஒரு கலைஞரின் பல வருடப் படைப்புகளைத் தொகுத்துக் காட்டுவது) வைக்க நினைப்பவர் முதலில் கேட்பது இந்த அட்டவணையைத்தான்.

பணத்தைப் பற்றிப் பேச நம்மில் பலருக்குக் கூச்சம். ஆசிரியர் கூச்சப்பட்டால் மாணவர் இதை யாரிடமாவது ஏமாந்துதான் கற்றுக்கொள்வார். விலை வைக்கும்போது பொருள் செலவு, ஃபிரேம், செலவிட்ட மணிநேரம் மூன்றையும் எழுதிப் பார்க்கட்டும். அதிலிருந்து ஒரு சீரான முறைக்கு வர வேண்டும். பரப்பளவை வைத்து விலை போட்டால் என்ன ஆகும் என்று காட்டுங்கள்: 30×40 சென்டிமீட்டர் படம் 1200 சதுர சென்டிமீட்டர், 60×80 படம் 4800. உயரமும் அகலமும் இரண்டு மடங்குதான், விலை நான்கு மடங்காகிவிடுகிறது. அதனால் பலர் உயரத்தையும் அகலத்தையும் கூட்டி, ஒரு சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்று போடுகிறார்கள். 70 என்பது 140 ஆகும், விலையும் இரண்டே மடங்கு ஏறும். எந்த முறையானாலும், ஸ்டுடியோவில் ஒரு விலை, கேலரியில் ஒரு விலை என்று இருக்கக் கூடாது. கேலரிகள் விற்பனையில் பாதி வரை எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். அந்தப் பங்கு போனபிறகும் கட்டுப்படியாகும் விலையையே முதல் கண்காட்சியிலிருந்து வைக்க வேண்டும். விற்க மனமில்லாத படத்துக்கு 'விற்பனைக்கு இல்லை' என்று எழுதிவிடலாம், அதில் தவறே இல்லை.

படத்தைக் கொடுக்கும்போது கையெழுத்தான ஒரு தாளாவது வேண்டும்: எந்தப் படைப்பு, என்ன விலை, யாருக்கு எவ்வளவு பங்கு, எப்போது பணம் வரும், எதுவரை அங்கே இருக்கும், சேதமானால் யார் பொறுப்பு. அப்புறம் ஒன்றை எல்லா மாணவர்களும் தெரிந்துகொண்டு போக வேண்டும். படத்தை விற்பதும் பதிப்புரிமையை விற்பதும் வேறு வேறு. பெரும்பாலான நாடுகளில், எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை பதிப்புரிமை கலைஞரிடமே இருக்கும். வாங்கியவர் சுவரில் மாட்டலாம், கோப்பையில் அச்சிட்டு விற்க முடியாது. கேட்டு வரைந்து கொடுப்பதிலும், சம்பளத்துக்குச் செய்வதிலும் விதி நாட்டுக்கு நாடு மாறும், ஆகவே அங்கே ஒப்பந்தத்தைப் படித்துவிட்டே கையெழுத்துப் போட வேண்டும். 1971-ல் சேத் சீகலாப் என்ற கியூரேட்டர், ராபர்ட் புரோஜான்ஸ்கி என்ற வழக்கறிஞரோடு சேர்ந்து கலைஞர்களுக்கான ஒரு விற்பனை ஒப்பந்த மாதிரியை வெளியிட்டார். படைப்பு மறுவிற்பனையாகும்போது ஏறிய விலையில் 15 சதவீதம் கலைஞருக்கு, கண்காட்சிக்கு அதைக் கடன் வாங்கும் உரிமை, இப்போது யாரிடம் இருக்கிறது என்று அறியும் உரிமை எல்லாம் அதில் உண்டு. வகுப்பில் அதை வரிக்கு வரி படித்துப் பாருங்கள். ஒரு கலைஞர் எதையெல்லாம் கேட்கலாம் என்பதே மாணவர்களுக்கு அப்போதுதான் தெரியவரும்.

வாழ்வாதாரம். படைப்பை விற்று மட்டும் வாழ்கிறவர்கள் எங்கும் சிலரே. இதை மாணவரிடம் நேராகச் சொல்லுங்கள், ஆனால் தோல்விச் செய்தியாகச் சொல்லாதீர்கள். அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரைமன் 1953 முதல் ஏழு வருடம் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் காவலராக வேலை பார்த்தார். வரையத் தொடங்கியதே அந்தக் காலத்தில்தான். பின்னாளில் பெயர் பெற்ற கலைஞர்களான டான் ஃபிளாவினும் அங்கே காவலர், சால் லூவிட் இரவு வரவேற்பு மேசையில் இருந்தார். நமக்குப் பக்கத்தில் பார்த்தால், சென்னைக் கலைக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தன் மாணவர்களோடும் சக கலைஞர்களோடும் 1966-ல் சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தை உருவாக்கியது இந்தக் கேள்வியை எதிர்கொள்ளத்தான். பாத்திக் (மெழுகு தடவிச் சாயமேற்றும்) துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று, அந்த வருமானத்தில் நிலம் வாங்கினார்கள். நேரத்தில் ஒரு பங்கு பிழைப்புக்கு, மற்றது கலைக்கு. ஒரு ஆசிரியர் மாணவர்களின் பிறகான வாழ்க்கையைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இறுதியாண்டில் மாதம் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள்: ஃபிரேம் போடுபவர், கேலரியில் படைப்புகளைக் கையாள்பவர், ஓவியப் பாதுகாப்பாளர், புத்தகங்களுக்குப் படம் வரைபவர், அரங்க வடிவமைப்பாளர், அனிமேஷன் ஸ்டுடியோவில் பின்னணி வரைபவர், பள்ளி ஆசிரியர். அவர்களிடம் ஊக்கப் பேச்சு கேட்க வேண்டாம். காலை எழுந்ததிலிருந்து என்ன செய்கிறார்கள், வேலைக்கு எப்படி வந்தார்கள், சொந்தப் படைப்புக்கு எப்போது நேரம் கிடைக்கிறது என்று மட்டும் கேளுங்கள். ஓவியப் பாதுகாப்பு, கலை வழி சிகிச்சை போன்றவற்றுக்குத் தனிப் படிப்பு தேவை, அதையும் அவர்களே சொல்வார்கள்.

விண்ணப்பங்களை வகுப்பிலேயே எழுதவையுங்கள். உறைவிடத் திட்டம் (சில காலம் ஓரிடத்தில் தங்கிப் படைக்க இடம் தருவது), உதவித்தொகை, குழுக் கண்காட்சி என்று உண்மையான மூன்று அழைப்புகளுக்குக் கண்காட்சி முடிவதற்குள் எல்லோரும் அனுப்பியிருக்க வேண்டும். பெரும்பாலும் மறுப்புதான் வரும். அது கல்லூரிக்குள் இருக்கும்போதே, பக்கத்தில் நண்பர்கள் இருக்கும்போதே வரட்டும். கூடவே ஒரு எச்சரிக்கை: பட்டம் வாங்கிய கையோடு சில கேலரிகளிலிருந்து பாராட்டி மின்னஞ்சல் வரும், கடைசிப் பத்தியில் சுவருக்கு வாடகை கேட்கும். கலைஞரிடமே பணம் வாங்கிப் பிழைக்கும் இடத்துக்கு, படைப்பை விற்கவேண்டிய கட்டாயம் இல்லை. விண்ணப்பக் கட்டணமாகச் சிறு தொகை கேட்பது வேறு, அதையும் யார் தேர்வுக்குழுவில் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டே கட்ட வேண்டும்.

பட்டம் வாங்கியபின் முதல் வருடம்தான் பலர் நின்றுவிடும் காலம். திறமை ஒரே நாளில் போய்விடுவதில்லை. ஸ்டுடியோ, கெடு, பார்க்கிற கண்கள் மூன்றும் ஒரே நாளில் போய்விடுகின்றன. ஆகவே இந்த மூன்றுக்கும் மாற்றை மாணவர்கள் வெளியேறுமுன் ஏற்பாடு செய்யுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து எடுக்கும் ஒரு அறை, மாதம் ஒருமுறை படைப்போடு கூடும் ஒரு குழு, ஒரு வருடம் கழித்து ஒரு சிறு கண்காட்சிக்கான தேதி. 1874-ல் மோனே, டெகா, பிஸ்ஸாரோ, பெர்த் மோரிஸோ முதலான ஓவியர்கள் சங்கம் அமைத்து பாரிஸில் தாங்களே நடத்திய முதல் கண்காட்சி நஷ்டத்தில் முடிந்தது, அந்த ஆண்டு இறுதியிலேயே சங்கத்தைக் கலைக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் ஆட்கள் அவ்வப்போது மாறினாலும் விடாமல் கூடி, 1886 வரை எட்டுக் கண்காட்சி நடத்தினார்கள். இன்று நாம் இம்ப்ரெஷனிசம் என்று படிப்பது அந்த நண்பர்கள் குழுவின் விடாப்பிடியில் வளர்ந்தது.

உங்களுக்கு இந்த வருடம் சில மாதம்தான் மீதி என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் இந்தக் குழுவுக்குச் செய்ய முடியாது. தேர்வுக்கும் மாட்டுவதற்கும் முழு நேரம் கொடுங்கள், படங்களை ஒழுங்காக எடுக்கவையுங்கள், ஒப்பந்தத் தாளை ஒரு மதியம் உட்கார்ந்து படியுங்கள். சுவரிலிருந்து படங்களைக் கழற்றி, ஆணித்துளைகளை அடைத்து முடித்த கையோடு, மாதக் குழுவின் முதல் கூட்டம் எப்போது, யார் இடத்தில் என்று அங்கேயே எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள். அந்த முதல் கூட்டத்துக்கு நீங்களும் போங்கள். அடுத்த வருட மாணவர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனால், அவர்களுக்கான ஒரு வருடக் கணக்கு அன்றே தொடங்கிவிடும்.